ஜீப்புன்னா ஒழுகத்தான் செய்யுமா?

எச்சரிக்கை: இது முழுக்க முழுக்க க்ரீஸ் பத்தின பதிவு. சினிமா, அரசியல் எதிர்பார்த்து வந்த மக்கள் அப்படியே ரிவர்ஸ் எடுத்துடலாம் :-)

மஹிந்திரா அந்தக் காலத்துல வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்ட ஆரம்பிச்சுது. அந்த வழியில வந்த சிஜே 3பி ஒண்ணு எங்க சித்தப்பாகிட்ட இருக்கு. விதை நெல், உர மூட்டை, டிபிசிக்குப் போய்வர்றது எல்லாமே அதுலதான். நாப்பதைத் தாண்டினா ஸ்டீரிங் உதற ஆரம்பிச்சுது. டை ராட் எண்டு மாத்தியாச்சு, பெல் கிராங்க் மாத்தியாச்சு, நிக்கலை. ஒரு பக்கம் கல்லணைக் கால்வாய், மறுபக்கம் பள்ளம்னு இருக்கிற கரை ரோட்டுல ஸ்டீரிங் உதறினா என்ன ஆகும்னு சொல்ல வேண்டியதில்லை. "வயசாயிடுச்சுடா, இரும்பு விலைக்குப் போட்டுடலாம்"னு சித்தப்பா முடிவே பண்ணிட்டார்.

என் கட்சி என்னன்னா, இந்த ஜீப்புகளைக் கொல்றது வயசு இல்லை. முன் சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கிற உருண்டைக்குள்ள தப்பான சரக்கை அடைக்கிறதுதான்.

அந்த உருண்டையைத்தான் நக்கிள்னு சொல்றோம். முன் சக்கரம் திரும்பவும் செய்யணும், இன்ஜின் இழுவையையும் வாங்கணும். அதனால ஆக்ஸில் முனையில ஒரு இரும்புப் பந்து, அதுக்கு மேல திரும்புற ஒரு கூடு, உள்ளே சுத்துற ஜாயின்ட். கூட்டை மேலயும் கீழயும் ஒவ்வொரு கிங்பின் பேரிங் தாங்குது. சுத்துற ஜாயின்ட் எண்ணெயை வாரி இறைக்கும், அதுல தெறிக்கிறதுதான் மேல் பேரிங்குக்குச் சாப்பாடு.

பட்டறையில என்ன பண்றாங்க? வீல் பேரிங்குக்கு வெக்கிற கெட்டி க்ரீஸை (2-ம் நம்பர், வெண்ணெய் பதம்) அப்பிடுறாங்க. ஒழுகாதாம். ஒழுகாது, வாஸ்தவம்தான். ஆனா ஜாயின்ட் சுத்திச் சுத்தி க்ரீஸுக்குள்ள தனக்கு ஒரு குகையை வெட்டிக்கும். க்ரீஸ் சுவத்தோட ஒட்டிக்கிட்டு வேடிக்கை பார்க்கும். மேல் பேரிங் பட்டினி. கிங்பின் லூஸாகும், ஸ்டீரிங் உதறும். மெமரி லீக்கைச் சரி பண்ணாம ராத்திரி ராத்திரி சர்வரை ரீஸ்டார்ட் பண்ற எங்க ஆபீஸ் வைத்தியம்தான் இதுவும்.

அதுக்காக 90 ஆயிலை ஊத்துங்கன்னும் சொல்லலை. பழைய லேண்ட் ரோவர்ல அதைத்தான் ஊத்தினாங்க, சீல் கொஞ்சம் தேய்ஞ்சாலும் தரையெல்லாம் கோலம். பின்னாடி அவங்களே பாதி இளகின க்ரீஸுக்கு மாறிட்டாங்க. நான் சொல்றதும் அதுதான். 0 இல்லைன்னா 00 நம்பர் க்ரீஸ். இட்லி மாவு பதம். குகை வெட்டினாலும் திரும்ப வந்து மூடிக்கும், சீல் வழியா ஓடியும் போகாது.

நம்ம ஊருக்கு இது டபுள் முக்கியம். கும்பகோணம், மன்னார்குடி பக்கம் களிமண்ணு. பந்துல ஒட்டிக் காய்ஞ்சா உப்புத்தாள் மாதிரி ஆகி, வண்டி திரும்புறப்பல்லாம் சீலை ராவும். ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கம் மணல் கலந்த மண், அதுவும் சளைச்சதில்ல. இது பத்தாதுன்னு, ஓடிச் சூடான ஆக்ஸிலோட வாய்க்கால்ல இறங்கினா உள்ளே இருக்கிற காத்து சுருங்கும், கிழிஞ்ச சீல் வழியா தண்ணியை உறிஞ்சும்.

பட்டறை அண்ணன் விடலை. "என்ன தம்பி சொல்றிய, ஜீப்புன்னா ஒழுகத்தான் செய்யும். ஒழுகலேன்னாதான் பயப்படணும்." அவர் சொன்னதுல பாதி சரி. ஒழுகல் ஒரு தகவல். நக்கிள் பிளக்கைக் கழட்டிப் பாருங்க. மோர் கலர்ல வந்தா தண்ணி. கறுப்பா, தண்ணியா, 90 ஆயில் வாடையோட வந்தா வெளி சீல் மேல குத்தமில்லை. உள்ளே ஆக்ஸில் குழாய்க்குள்ள இருக்கிற சீல் போய், க்ரௌன் ஆயில் இங்கே வடியுது. க்ரௌன்ல அளவைப் பார்க்காம விட்டா அடுத்த செலவு அங்கேதான். கெட்டி க்ரீஸ் அடைச்சு வெச்சா இந்தத் தகவல் எதுவுமே வெளியே வராது.

சித்தப்பா ஜீப்புல பிளக்கைக் கழட்டினா எதுவுமே வரலை. ஸ்க்ரூடிரைவர் விட்டு நோண்ட வேண்டியிருந்துச்சு. ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா லொடலொட. சித்தப்பாவை பிரேக் மிதிக்கச் சொன்னேன். வீல் பேரிங் ஆட்டம்னா அப்போ நின்னுடும். நிக்கலை, அப்ப கிங்பின்தான்.

அண்ணன்தான் வேலையைச் செஞ்சார், முனகிக்கிட்டே. பழைய க்ரீஸை டீசல்ல கழுவி, நாலு கிங்பின் பேரிங் மாத்தி, ஷிம் வெச்சு இறுக்கம் பிடிச்சு, பந்தை எமரித்தாள் போட்டுத் துடைச்சு, புது சீல். சீல் ரெண்டு அரை வட்டமா வர்றதால, வருஷா வருஷம் மாத்தணும்னாலும் நக்கிளைப் பிரிக்க வேண்டாம். ஒரு செட் டயர் விலைகூட ஆகலை. இப்ப அறுபதுல போறார். (போகாதீங்கன்னா கேக்குறதில்லை.)

டிஸ்கி: முன் சக்கரத்துக்கு லாக்கிங் ஹப் மாட்டியிருக்கிறவங்க கவனிக்க. ஹப் ஃப்ரீயா இருந்தா உள்ளே ஜாயின்ட் சுத்தாது, எந்த க்ரீஸ் போட்டாலும் மேல் பேரிங்குக்குப் போகாது. மாசம் ஒரு தடவை ஹப்பை மட்டும் லாக் பண்ணி பத்துப் பதினஞ்சு கிலோமீட்டர் ஓட்டுங்க. ஃபோர் வீல் கியரைப் போட்டுடாதீங்க, தார் ரோட்டுல அது வேற வம்பு. 00 க்ரீஸ் தஞ்சாவூர்ல எந்தக் கடையில சில்லறையா கிடைக்கும்னு தெரிஞ்சவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க, நான் சென்னையிலேர்ந்து பஸ்ல தூக்கிட்டுப் போறேன்.