பெரிய காயிலா, சின்ன காயிலா?

நம்ம செஞ்சிக்கோட்டை 2025 ஜூலையில யுனெஸ்கோவோட உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியல்ல சேர்ந்துடுச்சு. மராட்டியர் காலத்து ராணுவக் கோட்டைகள்னு மொத்தம் 12. அதுல 11 மகாராஷ்டிராவுல, மிச்சம் ஒண்ணு நம்மளோடது. காலரைத் தூக்கி விட்டுக்கலாம்!

கோட்டைன்னு ஒண்ணு இருந்தா புதையல் கதை இல்லாமலா? 'ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினா என்ன?'ன்னு ஆன்லைன்ல விலை பார்க்கிற ஆளா நீங்க? அப்படின்னா 'பெரிய காயிலா வாங்குடா மச்சி, ஆழமா போகும்'னு அட்வைஸ் பண்ண ஒரு ஃப்ரெண்டும் கண்டிப்பா இருப்பான். அவன் சொல்றது பாதிதான் உண்மை.

டிடெக்டரோட அடியில வட்டமா, தட்டு மாதிரி இருக்கே, அதுக்குள்ளதான் காயில். அதுல திசை மாறி மாறிப் பாயுற கரன்ட், சுத்திலும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். மண்ணுக்குள்ள உலோகம் இருந்தா அதுல சுழல் மின்னோட்டம் கிளம்பும். அந்த மின்னோட்டம் தன் பங்குக்கு ஒரு குட்டிக் காந்தப்புலத்தைத் திருப்பி அனுப்பும். அதை இன்னொரு காயில் பிடிச்சதும் 'பீப்'!

ப்ளஸ் டூ ஃபிஸிக்ஸ்ல வட்டக் கம்பிச்சுருளோட அச்சுல காந்தப்புலம் எவ்வளவுன்னு ஒரு ஃபார்முலா படிச்சோமே, ஞாபகம் இருக்கா? பரீட்சை முடிஞ்சதும் மறந்த அதே ஃபார்முலாதான்! 15 செ.மீ விட்டம் ஒண்ணு, 30 செ.மீ விட்டம் ஒண்ணு, ரெண்டுலயும் ஒரே கரன்ட், ஒரே எண்ணிக்கை சுத்துன்னு வெச்சுக்கிட்டு கால்குலேட்டர்ல தட்டிப் பாருங்க. 30 செ.மீ ஆழத்துல பெரிய காயிலோட புலம் சின்னதை விட 3 மடங்கு. ஆனா 3 செ.மீ ஆழத்துல கதை உல்டா. சின்ன காயில்தான் 1.7 மடங்கு பலம். திரும்பி வர்ற சிக்னலுக்கும் இதே கணக்குங்கறதால, போக வர ரெண்டையும் சேர்த்தா கீழே பெரியது சுமார் 10 மடங்கு, மேலே சின்னது சுமார் 3 மடங்கு.

இப்ப செஞ்சிப் பக்கம் ஒரு கடலைக் கொல்லைக்கு வாங்க. களை எடுக்கும்போது அக்காவோட கம்மல் விழுந்துடுச்சு. குட்டிப் பொருள், மேல் மண்ணுலயேதான் கிடக்கும். சின்ன காயில் போதும். அதே கொல்லையில எப்பவோ புதைஞ்சு போன பழைய இரும்புக் குழாய் எந்தப் பக்கம் போகுதுன்னு பார்க்கணுமா? பெருசை எடுங்க.

இன்னொரு விஷயம். செம்மண்ணுக்கு அந்தக் கலரைக் கொடுக்கறதே இரும்பு ஆக்ஸைடுதான். பெரிய காயில் ஒரே நேரத்துல நிறைய மண்ணைப் 'பார்க்கும்', அதனால மண்ணோட இரைச்சலும் கூடவே வரும். வெயிட் வேற! அரை மணி நேரம் ஆட்டினா தோள் பட்டை கழண்டுடும்.

சின்னப் பொருளைக் குப்பைக்கு நடுவுல தேடறது எவ்வளவு கஷ்டம்னு தெரியணும்னா, கடல் தாண்டி இலங்கையோட முகமாலையைப் பாருங்க. போர்ல புதைச்ச கண்ணிவெடிகளை அங்கே ஒவ்வொண்ணா எடுக்கறாங்க. அந்த வேலையில தமிழ்ப் பெண்களும் நிறையப் பேர். பல கண்ணிவெடிகள்ல பெரும்பகுதி பிளாஸ்டிக், உலோகம்னு பார்த்தா துளியூண்டு. சுத்திலும் மண் முழுக்க ஷெல் சிதறல். எதுக்கு 'பீப்' அடிக்குதுன்னே தெரியாத இடத்துல டிடெக்டரை ஓரமா வெச்சுட்டு, நீளமான ரேக்கால மண்ணைப் பொறுமையா வறண்டி எடுக்கறாங்க. அங்கே தப்பான 'பீப்'புக்கு விலை உயிர்.

சரி, கோட்டைக்கு எந்த சைஸ்? எதுவும் கிடையாது பாஸ்! செஞ்சிக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையோட பாதுகாப்புல இருக்கு. அனுமதி இல்லாம அங்கே தோண்டினா குற்றம். கோட்டைக்கு வெளியே சொந்த நிலத்துல கிடைச்சாலும், மண்ணுக்குள்ள இருந்த பொருள் 10 ரூபாய்க்கு மேல பெறும்னா கலெக்டருக்குத் தகவல் சொல்லியாகணும். 1878-ல வந்த புதையல் சட்டம்!

'ஒரு காசை எடுத்தா என்ன குறைஞ்சுடும்?'னு கேட்பீங்க. 1677-ல சிவாஜி செஞ்சியைப் பிடிச்சார். 1690-லேருந்து 1698 வரை ராஜாராமை முகலாயர் படை இங்கே முற்றுகை போட்டுச்சு. பிறகு தேசிங்கு ராஜா, 1750-ல பிரெஞ்சுக்காரங்க, 1761-ல இங்கிலீஷ்காரங்க. இத்தனை பேர் நடந்த மண்ணுல ஒரு காசு எந்த அடுக்குல, எது பக்கத்துல கிடந்ததுங்கறதுதான் தகவலே. கீழடியில கி.மு. 580-ன்னு தேதி சொன்ன மாதிரி 353 செ.மீ ஆழத்துலேருந்து வந்தது. அந்த 353-ஐ யாரும் குறிச்சு வைக்கலைன்னா? குழி தோண்டிக் காசை உருவிட்டா, அந்த அடுக்கை ஆண்டவனே வந்தாலும் திரும்ப அடுக்க முடியாது.

ஆசை விடலையா? மினி ப்ராஜெக்டாவே பண்ணுங்க. எனாமல் பூசின காப்பர் கம்பியில 15 செ.மீ, 30 செ.மீன்னு ரெண்டு செட் காயில் சுத்துங்க. ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில மண் நிரப்பி 10 ரூபாய் நாணயத்தைப் புதைச்சு, பக்கத்துலயே ஒரு ஜாண் தள்ளி ஒரு சோடா மூடி. இரும்பு வாளி மட்டும் வேண்டாம், அதுவே கத்தும்! முதல்ல 3 செ.மீ, அப்புறம் 10, அப்புறம் 30 செ.மீ ஆழம். எந்த காயில் எங்கே 'பீப்' அடிக்குது, எது ரெண்டையும் ஒண்ணாக் குழப்புதுன்னு நோட்ல எழுதிட்டே வாங்க.