பிறதுறைப் பாடத்தைத் தேரும் உரிமை

தம் துறைக்கு அப்பாலுள்ள ஒரு பாடத்தைத் தாமே தேர்ந்து கற்கும் உரிமை தமிழ்நாட்டுக் கலை, அறிவியல் கல்லூரி மாணவர்க்கு ஏட்டளவில் உண்டு. மொழி, ஆங்கிலம், முதன்மை மற்றும் துணைப் பாடங்கள் என்னும் மூன்று பகுதிகளை அடுத்துவரும் நான்காம் பகுதியில் அது இடம்பெற்றுள்ளது. பள்ளியில் தமிழ் பயிலாதோர்க்கு அவ்விடத்தில் அடிப்படைத் தமிழ் வைக்கப்பட்டிருப்பது முறையே. ஏனையோரில் பெரும்பாலோர்க்கு அது பிறதுறை விருப்பப் பாடம்.

நடைமுறையோ வேறு. பருவத் தொடக்கத்தில் வகுப்புக்கு ஒரு தாள் வருகிறது. பாடத்தின் பெயர் அதில் முன்னரே எழுதப்பட்டிருக்கும். மாணவர் இட வேண்டியது கையொப்பம் மட்டுமே. எத்துறை ஆசிரியருக்குப் பாடவேளை குறைகிறதோ, அத்துறைக்கு வகுப்பு முழுவதும் ஒதுக்கப்படுகிறது. வரலாறு கற்க விழைந்த வேதியியல் மாணவி, கணினி அடிப்படைகளை நாளின் கடைசி மணியில் கேட்டு அமர்கிறார். பட்டத்தின் வகுப்பை அம்மதிப்பெண் தீர்மானிக்காது என்னும் விதி பல பல்கலைக்கழகங்களில் இருப்பதால், தேர்வுக்கு முந்திய வாரம் குறிப்புகளின் படிகள் கைமாறுவதோடு கற்றல் முடிந்துவிடுகிறது. ஆசிரியரைக் குறை கூறுவது நேர்மையன்று. நிரப்பப்படாத பணியிடங்களின் சுமையைக் கௌரவ விரிவுரையாளர்களே சொற்ப ஊதியத்தில் சுமக்கின்றனர்.

துறை கடந்து கற்பது புதிய எண்ணமன்று. விடுதலை பெற்ற மறு ஆண்டே, 1948-இல், டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் அமைந்த பல்கலைக்கழகக் கல்விக் குழு, பட்டப் படிப்பில் பொதுக் கல்வி இன்றியமையாதது என்று வலியுறுத்தியது. அமெரிக்காவின் கொலம்பியா கல்லூரி, முதல் உலகப் போர் முடிந்த மறு ஆண்டில், 1919-இல், இக்கால நாகரிகம் பற்றிய பொதுப் பாடமொன்றைத் தொடங்கியது. எத்துறை பயில்பவரும் இன்றும் அங்கே சிறு குழுவாக அமர்ந்து, மூல நூல்களைப் படித்து வாதிட வேண்டும். நம் பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட சட்டகம், மூன்றாண்டுப் பட்டத்தின் 120 கிரெடிட்களில் ஒன்பதைப் பல்துறைப் பாடங்களுக்கு ஒதுக்கியது. எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் தேரும் உரிமை வந்துவிடாது.

மாணவர்க்கும் பொறுப்பு உண்டு. எளிதில் மதிப்பெண் தரும் தாள் எதுவென மூத்த மாணவரிடம் கேட்டுத் தேர்வது, கிடைத்த வாய்ப்பைத் தாமே கைவிடுவதாகும். தம் துறை பழக்காத சிந்தனை முறையைப் பழக்குவது எதுவோ, அதனையே நாட வேண்டும். கணிதம் பயில்பவர் கல்வெட்டியலைத் தேர்ந்தால், சிதைந்த வரியைக்கொண்டு எதனைத் துணிந்து கூறலாம், எவ்விடத்தில் நிறுத்திக்கொள்ள வேண்டும் என்னும் கட்டுப்பாட்டைப் பெறுவார். தமிழிலக்கியம் பயில்பவர் புள்ளியியலைத் தேர்ந்தால், நாளிதழில் காணும் சராசரி எத்தனை பேரை மறைத்து நிற்கிறது என்று வினவக் கற்பார். இந்தியாவில் பட்டம் பெறும் ஒரு வணிகவியல் மாணவர் அரசமைப்புச் சட்டத்தை ஒரு முறையேனும் கருத்தூன்றிப் படித்திருக்க வேண்டும் என்பது நம் உறுதியான எண்ணம்.

எல்லாத் துறைகளுக்கும் வாரத்தில் இரண்டு மணி நேரத்தைப் பொதுவாக ஒதுக்கினால், மாணவர் தாம் விரும்பிய துறையின் வகுப்பில் சென்று அமரலாம். இதற்குப் புதிய கட்டடம் வேண்டியதில்லை. கால அட்டவணையை மாற்றும் மனம் போதும். பாடங்களின் பட்டியலும் அவற்றைக் கற்பிப்போர் பெயரும் ஒரு மாதம் முன்னரே மாணவர் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். நான்காம் பகுதி மதிப்பெண்ணைப் பட்ட வகுப்புக் கணக்கில் சேர்க்கும் அதிகாரம் பல்கலைக்கழகக் கல்விப் பேரவைகளிடம் உள்ளது. அடுத்த கல்வியாண்டுச் சேர்க்கைக்கு முன் அவை இதனை முடிவு செய்ய வேண்டும்.