விழுந்த பட்டையும் உயர்ந்த வண்டியும்

போனக்காட்டுக்குப் போகிறவர்களில் மூன்று ரகம் உண்டு. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையில் ஏறுவதற்காகப் போகிறவர்கள் ஒரு ரகம். பாழடைந்து நிற்கும் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாவில் பேய் உலவுகிறதா என்று பார்க்கப் போகிறவர்கள் இரண்டாவது ரகம். வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்கள் மூன்றாவது ரகம்: தேயிலைத் தோட்டத்து லயங்களில் தலைமுறைகளாகக் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள். சமீப வருடங்களில் கேரள மலைகளெங்கும் நான்காவதாக ஒரு ரகம் கிளம்பியிருக்கிறது. பெரிய டயர் மாட்டி, ஒரு ஜாண் உயர்த்திய ஜீப்பில் வருகிற இளைஞர்கள்.

மூன்றாவது ரகத்துக்கும் நான்காவது ரகத்துக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. இரண்டு பேருடைய கவலையும் ஜீப்பின் அடியில், அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே, வில்லைப் போல் வளைந்து கிடக்கும் ஸ்பிரிங் பட்டைகளைப் பற்றியதுதான். வித்தியாசம், ஒருவருக்கு அது பொழுதுபோக்கு. மற்றவருக்கு அரிசி மூட்டை, காஸ் சிலிண்டர், பிரசவ வேதனையில் துடிக்கும் பெண் எல்லாம் அந்தப் பட்டைகளின் மேல்தான் பயணம் செய்கின்றன.

மகிந்திரா கம்பெனி 1947ல் வில்லிஸ் ஜீப்பை இங்கே பூட்டி விற்கத் தொடங்கியது. அதன் பிறகு அரை நூற்றாண்டுக்கும் மேலாக நம் மலைகளில் ஓடிய ஜீப்புகள் பெரும்பாலும் நான்கு மூலையிலும் பட்டை வைத்தவை. 2010ல் வந்த தாரில் முன்பக்கத்துப் பட்டை போய்விட்டது. 2020ல் வந்த புதிய தாரில் பின்பக்கமும் போய்ச் சுருள் வில் வந்துவிட்டது. ஆனால் பழைய பட்டை வண்டிகள் இன்னும் மலையை விட்டு இறங்கவில்லை. காரணம் எளிது. பட்டையை யாரும் கழற்றலாம், யாரும் மாட்டலாம். ஒரு ஜாக்கி, இரண்டு ஸ்பானர், ஒரு சுத்தியல் போதும்.

அந்த எளிமைதான் ஆபத்தும். வீட்டுக் கொல்லையில் ஒரு வெல்டிங் மிஷினும் ஒரு கிரைண்டரும் இருந்தால் சஸ்பென்ஷன் பாகங்களை நாமே செய்துவிடலாம் என்று தோன்றிவிடுகிறது. செய்யவும் செய்கிறார்கள். இரும்புத் தகட்டை வெட்டித் துளை போட்டு நீளமான ஷேக்கிள், அச்சுக்கும் பட்டைக்கும் நடுவே செருகும் இரும்புக் கட்டை, பழைய லாரியிலிருந்து எடுத்த கூடுதல் பட்டை என்று பட்டியல் நீள்கிறது. பட்டறைக்குப் போனாலும் இதே கோரிக்கைதான்: "ஆசானே, வண்டி தட்டுது. இன்னும் ரெண்டு பட்டை போட்டு விடுங்க."

இரண்டு பட்டை போட்டால் என்ன ஆகும்? ஒரே தடிமனுள்ள ஏழு பட்டைகளோடு எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு கூடும். அது பெரிதல்ல. ஆனால் பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தோடு போகிறது. 7 மில்லிமீட்டர் பட்டையை எடுத்துவிட்டு 8 மில்லிமீட்டர் பட்டை போட்டால் தடிமன் கூடியது ஒரே ஒரு மில்லிமீட்டர். அந்தப் பட்டையின் விறைப்பு கூடுவதோ ஏறத்தாழ 50 சதவிகிதம். லாரிப் பட்டை போட்ட ஜீப் காலியாகப் போகும்போது கல்லில் துள்ளுவது இதனால்தான். துள்ளும் சக்கரம் தரையைத் தொடுவதில்லை. தரையைத் தொடாத சக்கரத்தால் பிரேக் பிடிக்கவும் முடியாது, திரும்பவும் முடியாது.

ஷேக்கிள் இன்னொரு கதை. அதை 5 சென்டிமீட்டர் நீட்டினால் வண்டி உயர்வது ஏறத்தாழ அதில் பாதி. ஷேக்கிள் முன்நுனியில் இருக்கும் வண்டிகளில், கூடவே முன்னச்சின் தலை சற்று முன்னோக்கிச் சாய்கிறது. மெக்கானிக்குகள் காஸ்டர் என்று சொல்லும் கோணம் குறைகிறது. திருப்பம் முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நேருக்கு வருவது இந்தக் கோணத்தின் தயவில்தான். அது குறைந்தால் நேர்ச் சாலையிலேயே வண்டி மேயத் தொடங்கும். மலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டும்போது தெரியாது. சமவெளிக்கு இறங்கி நெடுஞ்சாலையில் 80ல் போகும்போது தெரியும்.

உயரத்துக்கும் விலை உண்டு. ஒரு கணக்குக்கு, சக்கரங்களின் இடைவெளி 1.3 மீட்டர், வண்டியின் எடை மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அசையாமல் பக்கவாட்டில் சாய்த்தால் சுமார் 43 டிகிரியில் கவிழும். எடை மையத்தை 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் அது 39 டிகிரியாகிறது. பின்னால் பத்துப் பேர் ஏறி நின்றால் இன்னும் குறையும். கொண்டை ஊசி வளைவில் ஒரு பக்கச் சக்கரம் கல்லில் ஏறும்போது அந்த நான்கு டிகிரிதான் சாலைக்கும் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வேலி.

இது தவிர, உயர்ந்த வண்டியில் பிரேக் ஹோஸ் இழுபடுகிறது, புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டுகள் அதிகக் கோணத்தில் சுழன்று தேய்கின்றன, ஷாக் அப்சார்பர் போதிய நீளமின்றி முட்டி நிற்கிறது. பட்டையை மாற்றியவர் இவற்றையும் மாற்ற வேண்டும். வீட்டில் செய்கிறவர்களில் பலர் முதல் படியோடு நின்றுவிடுகிறார்கள். வண்டிதான் உயர்ந்துவிட்டதே!

நம் ஊர் கொல்லர்கள் பழைய லாரிப் பட்டையைக் காய்ச்சி அரிவாள் அடிப்பார்கள். அந்த எஃகின் குணம் அவர்களுக்குத் தெரியும். காய்ச்சி அடித்தால் அது பதம் இழக்கும். மறுபடி தண்ணீரிலோ எண்ணெயிலோ தோய்த்துப் பதம் ஏற்ற வேண்டும். அரிவாளுக்கு விளிம்பில் பதம் இருந்தால் போதும். வண்டிப் பட்டைக்கோ முழு நீளமும் ஒரே பதம் வேண்டும். ஆலையில் அதை ஏறத்தாழ 900 டிகிரி வரை சூடாக்கி, எண்ணெயில் ஆற்றி, மறுபடி மிதமான சூட்டில் வைத்து எடுக்கிறார்கள். பிறகு மேற்பரப்பில் சிறு எஃகு மணிகளை வீசி இறுக்குகிறார்கள். காரணம், விரிசல் எப்போதும் மேற்பரப்பில்தான் பிறக்கிறது. வீட்டில் காஸ் டார்ச்சால் ஓரிடத்தைச் சிவக்கக் காய்ச்சி வளைத்தால் அந்த இடம் மட்டும் வெறும் இரும்பாகிவிடும். பட்டைமேல் வெல்டிங் வைத்தால் பற்றுக்குப் பக்கத்தில் கண்ணாடி போல நொறுங்கும் ஒரு கோடு உண்டாகும். இரண்டுமே கண்ணுக்குத் தெரியாது. அதுதான் சங்கடம். தவறாகத் தைத்த சட்டை அன்றே தெரிந்துவிடும். தவறாகச் செய்த பட்டை ஆறு மாதம் கழித்து ஒரு மழை இரவில்தான் தெரியும்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி சொன்ன விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. இந்தப் பிரிவின் பொருள் பற்றிய வழக்கு கேரளத்திலிருந்துதான் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2019 ஜனவரி 9ம் தேதி, நீதிபதிகள் அருண் மிஸ்ரா, வினீத் சரண் பெஞ்ச் தீர்ப்புச் சொன்னது: கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்ற உரிமையாளருக்கு அதிகாரமில்லை. அதே வருடம் வந்த சட்டத் திருத்தம் தண்டனையையும் எழுதிவிட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி தகராறு செய்யவும் இடமுண்டு. இதெல்லாம் தெரு வண்டிக்கு. பேப்பாறை போன்ற சரணாலயக் காட்டுக்குள் அனுமதியின்றி வண்டியை விடுவது வனச் சட்டப்படி வேறு குற்றம். வண்டி உயர்ந்ததா, தாழ்ந்ததா என்பது அங்கே பிரச்சினையே அல்ல.

சட்டத்தின் நோக்கத்தோடு யாருக்கும் சண்டை இருக்க முடியாது. பொதுச் சாலையில் ஓடும் வண்டி பொது விஷயம். ஆனால் இந்தச் சட்டத்துக்குப் பூட்டு மட்டும்தான் இருக்கிறது, சாவி இல்லை. கம்பெனிகள் தங்கள் புது மாடலை சோதிக்க புனேயில் ஏ.ஆர்.ஏ.ஐ. இருக்கிறது, மானேசரிலும் சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்திலும் சோதனை மையங்கள் இருக்கின்றன. ஆயிரக்கணக்கில் வண்டி விற்கிற கம்பெனிக்கு அந்தச் செலவு ஒரு பொருட்டல்ல. ஒரே ஒரு ஜீப் வைத்திருக்கும் விதுரா டிரைவர் எங்கே போவார்?

வேறு நாடுகளில் வழி இருக்கிறது. ஜெர்மனியில் மாற்றம் செய்த வண்டியை டியூஃப் போன்ற அமைப்புகளின் இன்ஜினியர் சோதித்து, சரி என்றால் வண்டியின் தாள்களிலேயே பதிவு செய்துவிடுகிறார்கள். நியூசிலாந்தில் வீட்டில் மாற்றிய வண்டிக்கென்றே தனிச் சான்றிதழ் முறை உண்டு. அங்கீகாரம் பெற்ற சோதகர் பார்த்து, என்னென்ன மாற்றம் என்று பொறித்த தகட்டை வண்டியிலேயே பதித்துவிடுவார். பிரிட்டனிலும் தனி வண்டிக்குத் தனி அங்கீகாரம் வாங்கலாம்.

நம் சட்டத்துக்கும் வாசல் வைக்கத் தெரியாமல் இல்லை. காஸுக்கோ பாட்டரிக்கோ மாற்ற 52வது பிரிவே நிபந்தனையோடு இடம் தருகிறது. உடல் ஊனமுற்றவர்களுக்காக வண்டியைத் தோதாக மாற்றவும் இடம் தருகிறது. அதே பிரிவில் சஸ்பென்ஷனுக்கும் ஒரு சிறு வாசல் வைப்பது வான்வெளி விஞ்ஞானம் அல்ல. நெடுமங்காட்டில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. அது மாதிரி மலையடிவாரங்களில் எத்தனையோ பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.களும் இருக்கின்றன. அங்கே ஒரு பள்ளம், ஒரு எடை மேடை, பயிற்சி பெற்ற ஒரு சோதகர், நியாயமான ஒரு கட்டணம். இவ்வளவு போதும். மறைத்து ஓட்டுகிற ஆயிரம் ஜீப்புகள் வெளிச்சத்துக்கு வரும். இப்போது நடப்பது என்ன? ஒழுங்காகக் கணக்குப் போட்டுச் செய்தவருக்கும், கட்டையைச் செருகி வெல்டு வைத்தவருக்கும் சட்டத்தின் முன் ஒரே தண்டனை. அப்படியானால் ஒழுங்காகச் செய்ய யாருக்கு ஊக்கம் வரும்?

வாசல் திறக்கும் வரை என்ன செய்வது? முதலில் அளந்து பாருங்கள். தட்டுகிற ஜீப்புகளில் பலவற்றுக்குத் தேவை கூடுதல் உயரம் அல்ல, இழந்த உயரம். வருடக்கணக்கில் பாரம் சுமந்த பட்டை வளைவு இழந்து தட்டையாகிவிடுகிறது. சமதரையில் நிறுத்தி, அச்சுக் குழலிலிருந்து சட்டம் வரை இரண்டு பக்கமும் டேப் வைத்து அளந்து, கம்பெனிக் கணக்கோடு ஒப்பிட்டால் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று தெரிந்துவிடும். விழுந்த பட்டைக்குப் பதில் அதே அளவில் புதுப் பட்டை செட் போடுவது ரிப்பேர், மாற்றம் அல்ல. சட்டமும் தடுக்காது, ஸ்டீரிங்கும் கோபிக்காது. பட்டை வேலை தெரிந்தவரிடம் கொடுத்து, காய்ச்சாமல் பச்சையாகவே அடித்து வளைவு ஏற்றுவதும் உண்டு. செலவு குறைவு, ஆனால் சீக்கிரம் மறுபடி விழும்.

வீட்டில் செய்ய வேண்டிய வேலையும் நிறைய இருக்கிறது. பட்டைகளைப் பிரித்துக் கம்பி பிரஷ்ஷால் துரு எடுக்கலாம். பழைய பட்டறைச் சோதனை ஒன்று: மண்ணெண்ணெயில் ஊற வைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸைப் பூசுங்கள். விரிசல் இருந்தால் உள்ளே தங்கிய எண்ணெய் வெள்ளையில் கோடாகக் கசியும். குறிப்பாக சென்டர் போல்ட் துளையைச் சுற்றிப் பாருங்கள். புஷ்களை மாற்றுங்கள். கழற்றிய யூ போல்ட்டை மறுபடி மாட்டாமல் புதிது வாங்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் ஒரு முறை இறுக்குங்கள். போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். எண்ணே இல்லாத போல்ட்டுக்கு சஸ்பென்ஷனில் வேலை இல்லை.

செய்யக் கூடாதவை மூன்றே மூன்று. பட்டையில் வெல்டிங் வைக்காதீர்கள். பட்டையை டார்ச்சால் காய்ச்சாதீர்கள். முன்னச்சில் கட்டை செருகாதீர்கள். பிரேக் பிடிக்கும் ஒவ்வொரு முறையும் அது அச்சை முறுக்கிப் பிடுங்கப் பார்க்கும்.

வண்டியைத் தன் கையால் செய்து பார்க்கிற ஆசை நல்ல ஆசை. அந்த ஆசை இல்லாவிட்டால் நம் மலைகளில் பாதி ஜீப்புகள் எப்போதோ காயலான் கடைக்குப் போயிருக்கும். ஓட்டுகிறவர் தன் கைவேலையை நம்பி ஏறுகிறார், அது அவர் இஷ்டம். பின்னால் மூட்டையோடு மூட்டையாக உட்கார்ந்து வருகிறவர்களிடம் பட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை. சோதகர், சான்றிதழ், தகடு எல்லாம் அவர்கள் சார்பில் கேட்கப்படும் கேள்விகள்தான்.