குக்கர் விசிலும் கதைப் புத்தகமும்

அன்புத் தம்பி, தங்கைகளே!



"கதைப் புத்தகம் படிக்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா, எங்க வீட்ல ஒரே சத்தம். எப்படிப் படிக்கிறது?" - உங்களில் பலர் இப்படிச் சொல்வது உண்டு.

நியாயமான கேள்விதான். கூடத்தில் டி.வி. ஓடுகிறது. சமையலறையில் மிக்ஸி அலறுகிறது. குட்டித் தம்பி பென்சிலைக் காணோம் என்று அழுகிறான். நீங்கள் புத்தகத்தைப் பிரித்து, ராஜகுமாரன் குகைக்குள் காலெடுத்து வைக்கும் நேரம் பார்த்து, "கண்ணு, கடைக்குப் போய் ரெண்டு தேங்காய் வாங்கிட்டு வா" என்கிறார் அம்மா. வாங்கிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், காஸ் சிலிண்டர் வந்துவிடுகிறது. ராஜகுமாரன் பாவம், குகை வாசலிலேயே நிற்கிறான்!

"இந்த வீட்ல யாரும் படிக்கவே முடியாது" என்று புத்தகத்தை மூடிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சத்தத்துக்கும் வேலைக்கும் நடுவில்தான் படிக்கும் இன்பமே ஒளிந்திருக்கிறது.

மைக்கேல் ஃபாரடே என்ற பெயரை அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். லண்டனில் ஓர் ஏழைக் கொல்லரின் மகன். பள்ளியில் அதிகம் படிக்க வசதியில்லை. 1805-ம் ஆண்டு, 14 வயதில், புத்தகங்களுக்கு பைண்டிங் செய்யும் ஒரு கடையில் தொழில் பழகச் சேர்ந்தார். நாள் முழுக்கத் தாள்களை அடுக்கித் தைப்பதும், பசை தடவுவதும், அட்டை ஒட்டுவதும்தான் வேலை. ஆனால், அட்டை போட வந்த புத்தகங்களை அவர் படிக்கவும் செய்தார்! அப்படிக் கைக்கு வந்த ஒரு கலைக்களஞ்சியத்தில் மின்சாரத்தைப் பற்றிப் படித்ததுதான் அவரது ஆர்வத்தைத் தூண்டியது. பிற்காலத்தில், 1831-ல், காந்தத்தைக் கொண்டு மின்சாரம் உண்டாக்கும் முறையைக் கண்டுபிடித்தவரும் அவரே. இன்று நம் வீட்டு மிக்ஸி அலறுவதற்கு, பசை ஒட்டிய விரல்களோடு பக்கம் புரட்டிய அந்தப் பையனும் ஒரு காரணம்!

நம் ஊருக்கே வருவோம். ராமேஸ்வரத்தில் சிறுவனாக இருந்த அப்துல் கலாம், ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட செய்தித்தாள் கட்டுகளை எடுத்துக் கொடுத்துத் தன் உறவினருக்கு உதவியாக இருந்தார். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். அவருக்குக் கிடைத்த முதல் சம்பளம் அந்த வேலையில்தான். அதே ஊரில் எஸ்.டி.ஆர். மாணிக்கம் என்பவர் வீட்டில் நிறையப் புத்தகங்கள் இருந்தன. அங்கே போய் இரவல் வாங்கி வந்து படிப்பார் கலாம். வேலை இருந்தது, பள்ளி இருந்தது, வீட்டில் ஆட்கள் நிறைய இருந்தார்கள். அதோடு படிப்பும் இருந்தது.

நாமெல்லாரும் ஃபாரடேயாகவும் கலாமாகவும் ஆக வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. படிப்பதற்குத் தனி அறை, தனி மேஜை, மணிக்கணக்கில் ஓய்வு எல்லாம் வந்து சேரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை, பாருங்கள். அதைத்தான் கவனிக்கச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டையே கொஞ்சம் உற்றுப் பாருங்கள். இட்லி வேகப் பத்து நிமிடம் ஆகும். குளிக்க வெந்நீர் காய வேண்டும். அக்காவுக்குத் தலை பின்னி முடியும் வரை உங்கள் முறைக்குக் காத்திருக்க வேண்டும். மொட்டை மாடியில் காயும் வடாமுக்குக் காக்கா வராமல் காவல் இருக்க வேண்டும். இதெல்லாம் நேரம் இல்லையா? பொட்டுப் பொட்டாகச் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

ஒரு சின்னக் கணக்கு போடுவோமா? இப்படிக் கிடைக்கும் நேரத்தில் ஒரு நாளைக்கு ஐந்தே ஐந்து பக்கம் படியுங்கள். முப்பது நாளில் 150 பக்கம். ஒரு வருடத்துக்கு 1,825 பக்கம். நூறு பக்கப் புத்தகம் என்று வைத்துக்கொண்டால் 18 புத்தகங்கள் முடிந்து, பத்தொன்பதாவது கையில் இருக்கும்! எங்கிருந்து வந்தன இவை? இட்லிப் பானையிலிருந்து!

இப்படிப் படிப்பதில் இன்னொரு சுகமும் உண்டு. படித்த கதையோடு வீட்டின் வாசனையும் ஒட்டிக்கொள்ளும். மழை பெய்யும்போது ஜன்னல் ஓரம் உட்கார்ந்து படித்த கதை, மறுபடி மழை வரும்போதெல்லாம் ஞாபகம் வரும். வேர்க்கடலையைக் கொறித்துக்கொண்டே படித்த துப்பறியும் கதை, கடலை வறுக்கும் வாசனை வந்ததும் எட்டிப் பார்க்கும். பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். சின்ன வயதில் படித்த கதையைச் சொல்லும்போது, எந்தத் திண்ணையில் உட்கார்ந்து படித்தோம் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள்.

பொட்டலம் கட்டி வந்த காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவர்கள் உண்டு. சர்க்கரையை டப்பாவில் கொட்டிவிட்டுத் தாளைப் பிரித்தால், அதில் பாதிக் கதை இருக்கும். திருடன் கதவைத் தட்டுகிறான்... அத்தோடு தாள் கிழிந்திருக்கும்! மீதிக் கதையை நாமே யோசித்து முடிக்க வேண்டியதுதான். அதுவும் ஒரு சந்தோஷம்தானே?

"செல்போனில் வீடியோ பார்த்தாலும் கதை தெரிந்துவிடுமே?" என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்துவிடும்தான். ஆனால், வீடியோவில் வரும் அரக்கனை வேறு யாரோ வரைந்திருக்கிறார்கள். உலகத்துக்கே ஒரே அரக்கன். புத்தகத்தில் வரும் அரக்கனை நீங்கள் உருவாக்குகிறீர்கள். அவனுக்கு உங்கள் தெரு முனைப் பனைமர உயரம் இருக்கலாம். உங்கள் கணக்கு வாத்தியாரின் குரல்கூட இருக்கலாம்! அந்த அரக்கன் உங்களுக்கு மட்டுமே சொந்தம்.

அடுத்ததாகச் சொல்லப் போவது கொஞ்சம் முக்கியமான விஷயம். கவனமாகக் கேளுங்கள்.

ஒரு காலத்தில் நம் வீடுகளில் வாரப் பத்திரிகை வந்து விழுந்ததும் பெரிய போட்டியே நடக்கும். யார் முதலில் படிப்பது என்று அம்மாவுக்கும் அத்தைக்கும்கூடச் சண்டை வரும். 1950-ல் 'கல்கி' வார இதழில் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை தொடங்கி, 1954 வரை வந்தது. வாரா வாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, பைண்டிங் செய்து பத்திரப்படுத்திய குடும்பங்கள் ஏராளம். 1947-ல் தொடங்கிய 'அம்புலிமாமா'வைக் குழந்தைகளுக்கு முன்னால் தாத்தாக்கள் படித்து முடித்துவிட்ட வீடுகளும் உண்டு. இப்போது அந்த இதழ் வருவதில்லை. ஆனால், அதைப் படித்தவர்கள் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.

அவர்கள் இப்போது என்ன படிக்கிறார்கள்? கவனித்தீர்களா?

பாட்டிக்குக் கண் மங்கிவிட்டது. சின்ன எழுத்து தெரிவதில்லை. அப்பா வேலை முடிந்து களைத்து வருகிறார். அம்மாவுக்கோ விடிந்தால் சமையல், பாத்திரம், துணி. பல வீடுகளில் அதற்கு மேல் அலுவலக வேலையும் உண்டு. ஒரு காலத்தில் தொடர்கதைக்காகச் சண்டை போட்ட அதே அம்மா, "எனக்கெங்கேடா நேரம்?" என்கிறார். நம் வீட்டில் யாரோ ஒருவர், யாரும் கவனிக்காமலே படிப்பதை நிறுத்தியிருக்கிறார். நமக்குச் சோறு போட்டு, துணி துவைத்துக் கொடுத்து, நாம் படிப்பதற்கு நேரம் உண்டாக்கித் தந்தவரே அவராகத்தான் இருக்கும்.

அந்த இன்பத்தை அவருக்குத் திருப்பிக் கொடுக்க உங்களால் முடியும். எப்படி?

அம்மா கீரை ஆயும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். கையிலிருக்கும் கதையை வாய்விட்டுப் படியுங்கள். பாட்டிக்கு தினமும் நாலு பக்கம் படித்துக் காட்டுங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று பாட்டி கேட்பார் பாருங்கள், அந்த நேரத்தில் அவருக்கும் உங்கள் வயதுதான்! நீங்கள் திணறும் சொல்லுக்குப் பாட்டி அர்த்தம் சொல்வார். அகராதியில் இல்லாத கதை ஒன்றையும் கூடவே சொல்வார்.

ஒரு நாள் மாற்றியும் செய்யலாம். அம்மாவிடம் புத்தகத்தைக் கொடுத்து, "இன்னைக்கு நீங்க படிங்கம்மா, நான் வெங்காயம் உரிக்கிறேன்" என்று சொல்லுங்கள். தம்பிகளே, இது உங்களுக்கும் சேர்த்துத்தான்! வெங்காயம் உரிப்பது பெண்பிள்ளைகளின் வேலை என்று எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. வீட்டு வேலையைப் பங்கு போட்டுக்கொண்டால்தான் படிக்கும் நேரத்தையும் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ள முடியும்.

"கதைப் புத்தகத்தை எடுத்தாலே திட்டு விழுது. பாடத்தைப் படின்னு சொல்றாங்க" என்று சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. பரீட்சை நேரத்தில் பாடத்துக்குத்தான் முதலிடம். அதில் சந்தேகமே வேண்டாம். பாடப் புத்தகத்துக்குள் கதைப் புத்தகத்தை ஒளித்து வைத்துப் படிக்கவும் வேண்டாம். அப்படிப் படித்தால் கண் கதையிலும் காது அப்பாவின் காலடிச் சத்தத்திலும் இருக்கும். இரண்டுமே மண்டையில் ஏறாது. வீட்டுப் பாடத்தை முடித்துவிட்டு, எல்லாரும் பார்க்க, கூடத்தில் உட்கார்ந்து தைரியமாகப் படியுங்கள்.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கணக்குப் பாடத்தில் கூட்டல், கழித்தல் எல்லாம் நன்றாகத் தெரிந்த குழந்தைகூட, கேள்வியே நாலு வரியில் இருந்தால் திகைத்துவிடுகிறது. அந்த நாலு வரியைப் படித்துப் புரிந்துகொள்ளும் பழக்கத்தைக் கதைப் புத்தகம் கொடுக்கும். அதைவிட, பிள்ளைகள் நம் சொல்லைவிட செய்கையைத்தான் பார்க்கிறார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் போனை ஒதுக்கி வைத்துவிட்டு நாமும் ஒரு புத்தகத்தைப் பிரித்தால், "படி, படி" என்று கத்தும் வேலை மிச்சம்.

சரி, புத்தகத்துக்கு எங்கே போவது? எல்லா வீட்டிலும் விலை கொடுத்து வாங்க முடியாதே!

சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதனை 'இந்திய நூலகவியலின் தந்தை' என்பார்கள். பூட்டி வைத்துப் பாதுகாக்கும் பொருளல்ல புத்தகம், அது மக்கள் கைக்குப் போக வேண்டும் என்பது அவர் கொள்கை. 1931-ம் ஆண்டு மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டு வண்டி கிளம்பியது. வண்டியில் வைக்கோல் இல்லை, நெல் மூட்டை இல்லை. புத்தகங்கள்! கனகசபை பிள்ளை என்பவரின் முயற்சியில் உருவான அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். வண்டி ஊர் ஊராகப் போனது. களத்து மேட்டிலும் திண்ணையிலும் இருந்தவர்களைத் தேடிப் புத்தகம் வந்தது.

1948-ல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. சுதந்திர இந்தியாவில் இப்படி ஒரு சட்டம் வந்தது இங்கேதான் முதலில். அதன்படி வீட்டுக்குக் கட்டும் சொத்து வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்கப்படுகிறது. அப்பா சொத்து வரி கட்டிய ரசீதைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். உங்கள் ஊர் நூலகத்துக்கு உங்கள் வீடு ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறது! பிறகு போகாமல் இருந்தால் நஷ்டம் யாருக்கு? சிறு தொகை செலுத்தி உறுப்பினராகச் சேர்ந்துவிட்டால், புத்தகத்தை வீட்டுக்கே எடுத்து வரலாம்.

அறிஞர் அண்ணா வானொலியில் ஆற்றிய உரை ஒன்றுக்கு, 'வீட்டிற்கோர் புத்தகசாலை' என்று தலைப்பு. புத்தகசாலை என்றதும் பெரிய பெரிய கண்ணாடி அலமாரியை நினைக்க வேண்டாம். காலியான ஓர் அட்டைப் பெட்டி போதும். பிறந்தநாளுக்கு வந்த புத்தகம், பள்ளியில் வாங்கிய பரிசு, பழைய பேப்பர் கடையில் எடைக்கு வாங்கிய இதழ்கள், அத்தை வீட்டுப் பரணில் கிடந்தவை என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள். படித்து முடித்ததைப் பக்கத்து வீட்டு நண்பனிடம் கொடுத்து, அவனிடம் உள்ளதை வாங்குங்கள். யாரிடம் எது போனது என்று ஒரு நோட்டில் குறித்து வைக்க மட்டும் மறக்காதீர்கள்!

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு வேலைதான். வீட்டில் இருக்கும் பெரியவர் ஒருவரிடம் போய், "நீங்க கடைசியா எப்போ ஒரு கதைப் புத்தகம் படிச்சீங்க?" என்று கேளுங்கள். அவர் கொஞ்ச நேரம் யோசிப்பார். சிலர் சிரிப்பார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் இருப்பார்கள். அவருக்குப் பிடித்த கதை எது என்று கேட்டு, நூலகத்திலிருந்து எடுத்து வாருங்கள். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதல் பக்கத்தைப் படியுங்கள்.

நடுவில் குக்கர் விசில் அடிக்கும். அடிக்கட்டும்! மூன்றாவது விசிலுக்கு அடுப்பை அணைத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடருங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்