ஓடச் சொல்கிறார்கள், எங்கே ஓடுவது?

டொர்னாடோ வருகிறது என்று அபாயச் சங்கு ஊதினால் அமெரிக்க மக்களின் கையில் இருப்பது சுமார் 10 நிமிடம். நிலவறைக்குள் இறங்குங்கள், அது இல்லாவிட்டால் ஜன்னல் இல்லாத உள்ளறையில் தலையை மூடிக்கொண்டு குனிந்திருங்கள், பாலத்தடியில் ஒதுங்காதீர்கள் என்கிறது வானிலைத் துறை. அத்தனையும் சரி. 1999 மே மாதம் ஒக்லஹோமாவில் பாலத்தடியில் ஒதுங்கியவர்களில் 3 பேர் மாண்டார்கள். ஆனால், உள்ளறையே கைகொடுக்காத வீட்டில் இருப்பவர் என்ன செய்வார்?

ஆலையில் செய்து, லாரியில் இழுத்துவந்து நிறுத்தும் ‘மொபைல் ஹோம்’ வீடுகளைச் சொல்கிறோம். மண்ணில் திருகி இறக்கிய சில இரும்புக் கம்பிகளும், அவற்றோடு அடிச்சட்டத்தை இழுத்துக் கட்டிய உலோகப் பட்டைகளுமே அவற்றுக்குப் பிடிமானம். பட்டை துருப்பிடித்தால் அதுவும் போயிற்று. 2019 மார்ச் 3 அன்று அலபாமாவின் லீ கவுண்டியில் இறந்த 23 பேரில் 19 பேர் இத்தகைய வீடுகளில் இருந்தவர்கள். அமெரிக்க வீடுகளில் இவை 6 சதவீதம் அளவுக்குத்தான். ஆனால், டொர்னாடோவால் வீட்டுக்குள் உயிரிழப்பவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இங்கேதான் சாகிறார்கள்.

வெளியேறுங்கள் என்று இவர்களுக்கும் சொல்லப்படுகிறது. நள்ளிரவில், கொட்டும் மழையில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவார்கள்? இதை அவர்களுடைய அஜாக்கிரதை என்று சொல்வது அநியாயம். வீடு அவர்களுடையது, மனையோ பெரும்பாலும் வாடகைக்கு எடுத்தது. சொந்தச் செலவில் அங்கே காப்பறை கட்ட அவர்களுக்கு உரிமையும் இல்லை, வசதியும் இல்லை.

மனை வாடகை வாங்குபவர்தான் கட்ட வேண்டும்; கட்டவைக்க வேண்டியது சட்டம். இது நடக்காத காரியமல்ல. 1988க்குப் பிறகு உரிமம் பெற்ற, 10 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட மொபைல் ஹோம் குடியிருப்புகளில் புயல் காப்பறை கட்டாயம் என்கிறது மின்னசோட்டா சட்டம். 2007இல் என்டர்பிரைஸ் நகரப் பள்ளியில் 8 மாணவர்களைப் பறிகொடுத்த அலபாமா, புதுப் பள்ளிகளில் காப்பறையை 2010இல் கட்டாயமாக்கியது. பள்ளிக்குச் செய்ததை, அந்தப் பிள்ளைகள் இரவில் உறங்கும் இடத்துக்கு ஏன் செய்யக் கூடாது?

செலவைக் காரணம் காட்டுவதை ஏற்பதற்கில்லை. கூட்டாட்சி அரசின் பேரிடர் தணிப்பு மானியம் முக்கால் பங்கு வரை தர முடியும். பழைய குடியிருப்புகளின் உரிமத்தைப் புதுப்பிக்கும்போதே இதை நிபந்தனையாக்க வேண்டும். காப்பறை நடந்துபோகும் தூரத்தில் இருக்க வேண்டும். சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் வேண்டும். சங்கு ஊதும்போது கதவில் பூட்டு தொங்கக் கூடாது.