நடுக்கடலில் எண்ணெயை எரிப்பது எப்படி?
தாசேக் கெலுகோரில் குப்பையைக் கொளுத்தினாலே 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டம் பாயலாம். நடுக்கடலில் எண்ணெயையே கொளுத்துகிறார்களே?

புதிய கிணற்றைச் சோதிக்கும்போது, வரும் எண்ணெயைக் கரைக்கு அனுப்பப் பெரும்பாலும் குழாய் இருக்காது. மேடைக்கு வெளியே நீளும் இரும்புக் கையின் நுனியில், அழுத்தக் காற்றால் எண்ணெயைப் பொடித்துளியாக்கி எரிப்பார்கள். வெப்பத்தைத் தண்ணீர்த் திரை தடுக்கும். இரு பக்கமும் கை உண்டு. புகையும் அனலும் காற்றோடு மேடையை விட்டு விலகும் பக்கத்தில்தான் நெருப்பு.

2010 மெக்சிகோ வளைகுடா விபத்தில் கியூ4000 கப்பலும் பிடித்த எண்ணெயை இவ்வகைக் கருவியால்தான் எரித்தது.

அழுத்தக் காற்று குறைந்தால் கரும்புகை. எரியாத எண்ணெய் கடலில், மீனவர் வலையில்.

கெமாமான், மீரி என்று கடல் மேடை வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள் சம்பளத்தோடு இதையும் விசாரிக்கட்டும்: காற்று திசை மாறினால் எரிப்பை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு?