"அந்தக் காலம் அப்படி"ன்னு சொல்றவங்களுக்கு

பழைய காலத்து அநியாயம் எதையாவது பேச ஆரம்பிச்சா போதும், "அந்தக் காலம் அப்படிங்க, இன்னிக்கு அளவுகோலை வச்சு அளக்கக்கூடாது"ன்னு ஒருத்தர் வந்து நிப்பார். கேக்குறதுக்கு ரொம்ப நிதானமான பேச்சு மாதிரிதான் இருக்கும். எனக்கோ அதைக் கேட்டாலே பத்திக்கிட்டு வரும். ஏன்னு சொல்ல ஒன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்திருக்கேன்.

பேரு கொட்ஷால்க். சாக்சன் இனத்துப் பிரபு ஒருத்தரோட மகன். கிறிஸ்தவத் துறவி, லத்தீனில் பாட்டு எழுதினவர். கடைசி இருபது வருஷம் போல மடத்துச் சிறையில் கிடந்து செத்தவர்.

அவர் தானா விரும்பித் துறவி ஆகலை. சின்னப் பையனா இருந்தப்பவே ஜெர்மனியில் இருக்கிற ஃபுல்டா மடத்துக்கு அவரைக் கொடுத்துட்டாங்க. அப்போ அது ஒரு முறை. பெனடிக்ட் எழுதிய மடத்துச் சட்டத்தின் 59வது அத்தியாயத்தில் செய்முறையே இருக்கு: பெற்றோர் எழுதின விண்ணப்பத்தையும் பிள்ளையோட கையையும் சேர்த்து பலிபீடத் துணியில் சுத்தணும். அவ்வளவுதான், பிள்ளை கடவுளுக்குச் சொந்தம். கூடவே குடும்பச் சொத்திலும் ஒரு பங்கு மடத்துக்குப் போகும் (அதை மறந்துடாதீங்க).

பையன் வளர்ந்தான், படிச்சான், யோசிச்சான். 829ல் மைன்ஸ் நகரில் கூடின ஆயர் மன்றத்தில் போய் நின்னான். என் சம்மதம் இல்லாம எனக்கு மொட்டை போட்டுட்டீங்க, என்னை விடுங்க. சாக்சன் ஒருத்தனோட சுதந்திரம் பறிபோகணும்னா சாக்சன் சாட்சி வேணும், அதுவும் இல்லை. இதுதான் அவனோட வாதம். மன்றம் அவன் பக்கம் தீர்ப்பு சொல்லிடுச்சு!

இதைத்தான் கவனிக்கணும். தீர்ப்பு சொன்னது இன்னிக்கு மனித உரிமை பேசுற ஆளுங்க இல்லை. அதே காலத்து ஆயர்கள். ஒரு பிள்ளையை அவன் விருப்பம் கேக்காம கட்டிப்போடுறது சரியில்லைன்னு அவங்களுக்கே தோணியிருக்கு.

பொறுத்துக்க முடியாதவர் ஃபுல்டா மடாதிபதி ராபானுஸ் மௌருஸ். பெரிய படிப்பாளி. உலகம் முழுக்க இன்னிக்கும் குருப்பட்டத்தின்போது பாடுற தூய ஆவி கீதத்தை எழுதினவர்னு வழிவழியாச் சொல்லப்படுறவர். அவர் மன்னர் வரைக்கும் போனார். சிறுவர்களைக் காணிக்கையாகக் கொடுப்பதை ஆதரிச்சு தனி நூலே எழுதினார். பைபிளில் அன்னாள் தன் பிள்ளை சாமுவேலைக் கோயிலில் விட்டாளே, அதுதான் முன்னுதாரணமாம். இந்த ராபானுஸும் சின்ன வயசிலேயே மடத்துக்குக் கொடுக்கப்பட்டவர்தான். நான் மருமகளா இருந்தப்போ படாத பாடான்னு கேக்குற மாமியார் ஞாபகம் வருதா? எனக்கு வந்துச்சு.

முடிவில் கொட்ஷால்க் துறவியாகவேதான் இருக்க வேண்டியதாச்சு. மடம் மட்டும் மாறிச்சு, இப்போ பிரான்சில் இருக்கிற ஓர்பே. அங்கே அகஸ்டினை விழுந்து விழுந்து படிச்சார். நல்லவங்களுக்கு மோட்சம் முன்னாடியே குறிக்கப்பட்ட மாதிரி, கெட்டவங்களுக்குத் தண்டனையும் முன்னாடியே குறிக்கப்பட்டாச்சுன்னு போதிக்க ஆரம்பிச்சார். இத்தாலி, குரோவேஷியான்னு சுத்தினார். எல்லாம் முன்னாடியே முடிவாயிடுச்சுன்னா அப்புறம் ஜனங்க ஏன் பாவமன்னிப்பு கேப்பாங்க, பிஷப் பேச்சை எதுக்குக் கேப்பாங்கன்னு பெரியவங்களுக்குப் பயம் வந்துடுச்சு.

சின்ன வயசில் தன் தலையெழுத்தை அடுத்தவங்க எழுதினதாலதான் அவருக்கு இந்தக் கொள்கை பிடிச்சுப்போச்சுன்னு ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அது பிடிக்கலை. அந்த ஆளு அகஸ்டினைக் கரைச்சுக் குடிச்சு வாதம் வைக்கிறார், நாம என்னடான்னா பாவம் மனக்காயம்னு தட்டிக் கொடுத்து உக்கார வைக்கிறோம். இதுவும் வாயை அடைக்கிற வேலைதான்.

848ல் மறுபடியும் மைன்ஸ். இந்தத் தடவை அங்கே ஆர்ச்பிஷப் யாரு? அதே ராபானுஸ். அவரைக் குற்றவாளின்னு முடிவுகட்டி, ரீம்ஸ் ஆர்ச்பிஷப் ஹிங்க்மார் கையில் ஒப்படைச்சாங்க. 849ல் கியெர்சியில் குருப்பட்டத்தைப் பறிச்சு, சாட்டையால் அடிச்சாங்க. வேதவாக்கியங்களையும் முன்னோர் வாக்கியங்களையும் அவர் சேர்த்து வச்ச நூலை அவர் கையாலேயே நெருப்பில் போட வச்சாங்க. அப்புறம் ஓவிலியர் மடத்தில் சிறை. இனி வாயே திறக்கக் கூடாது.

இதைக் கண்டிச்சதும் நம்ம ஆளுங்க இல்லை. அந்த மனிதத்தன்மை இல்லாத அடியைப் பத்தி லியோன் திருச்சபையிலிருந்து அப்பவே கோபமா எழுதினாங்க. துருவா ஆயர் புருடென்சியுஸ், கோர்பி மடத்து ரத்ராம்னுஸ், ஃபெரியேர் மடாதிபதி லூபுஸ்னு அந்தக் காலத்துப் பெரிய தலைகள் பலரும் அவரோட கருத்துக்கு ஆதரவாவோ, பக்கத்திலேயோ நின்னாங்க. அப்போ "அந்தக் காலம்"னு நீங்க சொல்றது யாரோட காலம்? அடிச்சவனோட காலமா, அடிக்காதேன்னு சொன்னவனோட காலமா?

அதுக்காக அவர் ஒண்ணும் சாது கிடையாது. தலைக்கனம் ஜாஸ்தி. கொதிக்கிற தண்ணி, எண்ணெய், கொழுப்பு, தார்னு நாலு பீப்பாய் வையுங்க, ஒவ்வொண்ணா இறங்கிக் காட்டுறேன், அப்புறம் தீயிலும் இறங்குறேன்னு எழுதினவர். அப்படிப்பட்ட ஆளைப் பக்கத்து வீட்டில் வச்சுக்கிறது கஷ்டம்தான். ஆனா பிடிவாதத்துக்கு இருபது வருஷம் சிறையா?

பாட்டு விஷயத்திலும் ஹிங்க்மார் சும்மா விடலை. மறைசாட்சிகள் திருநாளில் பாடுற ஒரு பழைய கீதத்தில் கடவுள்தன்மையை "திரினா", அதாவது மும்மையானதுன்னு சொல்ற இடம் ஒண்ணு உண்டு. மூணு கடவுள்னு அர்த்தம் வந்துடும்னு அந்தச் சொல்லையே மாத்தச் சொன்னார். சிறைக்குள்ளே இருந்துக்கிட்டே கொட்ஷால்க் அதை எதிர்த்து எழுதினார். ஹிங்க்மார் பதிலுக்கு ஒரு பெரிய புத்தகமே போட்டார். கடைசியில் யார் ஜெயிச்சாங்க? 13ம் நூற்றாண்டில் தாமஸ் அக்வினாஸ் திருவுடல் விழாவுக்கு எழுதின கீதத்தில் அதே "திரினா" அம்சமா உக்காந்திருக்கு. அவரை யாரும் சாட்டையால் அடிக்கலை.

கொட்ஷால்கோட பாட்டுகளில் ஒண்ணு உண்டு. ஒரு சின்னப் பையன் அவரைப் பாடச் சொல்றான். ஊரை விட்டு இவ்வளவு தூரத்தில் கிடக்கேனே, என்னை ஏம்ப்பா பாடச் சொல்றேன்னு கேக்குறார். கேட்டுக் கேட்டு மாட்டேன்னு சொல்லிட்டு, கடைசியில் பாடுறார். ஆராய்ச்சிக்காரங்க ஆயிரம் சொல்லட்டும், அந்தப் பையனை "குட்டிப்பயலே"ன்னு அவர் கூப்பிடுற குரலில் வேற ஒரு பையனும் எனக்குத் தெரியறான்.

சாகக் கிடந்தப்போ ஹிங்க்மார் பக்கத்திலிருந்து ஒரு வாசகம் வந்துச்சு. இதை ஒத்துக்கிட்டா நற்கருணை உண்டு, முறையான அடக்கமும் உண்டு. அவர் ஒத்துக்கலை. 868 வாக்கில் செத்துப்போனார்.

பிள்ளைகளைக் காணிக்கையாக் கொடுக்கிற வழக்கம் அதுக்கப்புறம் மெல்ல மெல்லத் தேய்ஞ்சுது. 1563ல் திரெந்து பொதுச்சங்கம், 16 வயசு முடியறதுக்கு முன்னாடி துறவற வாக்குறுதி செல்லாதுன்னு சொல்லிடுச்சு. 829ல் ஒரு பையன் கேட்டது, எழுநூறு வருஷம் தாண்டி.

ஓவிலியருக்கு இப்போ சுற்றுலாக் கூட்டம் நல்லாவே வருது. கொட்ஷால்கைப் பார்க்க இல்லை. 17ம் நூற்றாண்டில் அதே மடத்தில் ஒயின் பொறுப்பு பார்த்த தோம் பெரிஞோங்கிற துறவியோட கல்லறையைப் பார்க்க, அப்படியே ஷாம்பெயின் குடிக்க. கொட்ஷால்க் எழுதினதில் பெரும்பகுதி சுவிட்சர்லாந்து பெர்ன் நகர நூலகத்தில் ஒரு பழைய கையெழுத்துச் சுவடியில் தூங்கிக்கிட்டு இருந்து, 1930களின் தொடக்கத்தில் கண்டுபிடிச்சு, 1945ல் அச்சுக்கு வந்தது. கண்டுபிடிச்சவரும் அச்சிட்டவரும் யாருன்னு நினைக்கிறீங்க? ரெண்டு பேருமே பெனடிக்ட் சபைத் துறவிகள்.